பாதி இழுத்த டிஸ்க்

யர்மிலா ஹுட்சொவாவின் வேலை டிஸ்க்குகளைப் பிடுங்குவது. சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், டிஸ்க்கில் தகவல் மும்முரமாக ஏறிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல், இவள் போய்ப் பிடுங்க வேண்டும். இயந்திரம் சமாளித்துக்கொண்டு ஓடுகிறதா, கல்லாய்ச் சமைந்து நிற்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். சமைந்து நின்றால், மேல்மாடியில் நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு 'டிக்கெட்' என்கிற பிழைப் புகார் ஒன்று போகும். செக் நாட்டின் பிர்னோ நகரில், சர்வர்களுக்கு இயங்குதளம் வழங்கும் ஒரு நிறுவனத்தின் கீழ்த்தளச் சோதனைக்கூடத்தில் பதினோரு வருஷமாக அவள் இதைத்தான் செய்துவந்தாள்.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் பேரிங் தொழிற்சாலையில் இருந்தாள். பளபளவென்று வரும் எஃகுக் குண்டுகளை அளவுகோலில் வைத்துப் பார்த்து, தேறாததைத் தள்ளும் வேலை. தொழிற்சாலையை மூடியபோது உடன் வேலை பார்த்த பெண்கள் அழுதார்கள். யர்மிலா அழவில்லை. மறுநாளே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போய் நின்று, ஆறு மாதக் கணினிப் பயிற்சியில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு.

சோதனைக்கூடத்தில் சேர்ந்த முதல் வருஷமே இயங்குதளத்தின் மூல நிரலைத் தாளில் அச்செடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதும் இயங்குதளம் அது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம். அவள் கணவன் லுபோர் டிராம் ஓட்டுநர். அவன் டிராமிலேயே, அவன் முதுகுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வேலைக்குப் போவாள். யாராவது கேட்டால், "எதை உடைக்கிறோம்னு தெரியாம உடைச்சா அது குரங்கு வேலை. நான் சம்பளம் வாங்குறவ" என்பாள்.

அந்த பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கையில் ஒரே நாளில் மூன்று முறை சர்வர் சமைந்து நின்றது. மூன்றிலும் ஒரே அறிகுறி. டிஸ்க்குக்குப் போன ஏதோ ஒரு கோரிக்கைக்குப் பதில் வரவேயில்லை. அதற்காகக் காத்திருந்த நிரல் அப்படியே தூங்கிப்போனது, அதன் பின்னால் வந்ததெல்லாம் வரிசையாகத் தூங்கிப்போனது. எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை டிக்கெட் மூடப்பட்டுத் திரும்பி வந்தது. காரணம்: 'கையாளும் முறையில் தவறு.'

யர்மிலா படியேறி மேலே போனாள். டிஸ்க்குகளைக் கவனிக்கும் சேமிப்பகப் பகுதிக்குப் பொறுப்பு ரதிம். முப்பத்துநாலு வயது, கெட்டிக்காரன், அது அவனுக்கும் தெரியும்.

"ரதிம், இந்த டிக்கெட்டை மூடினது நீதானே?"

"ஆமா யர்மிலா. டிஸ்க் செருகுற ஸ்லாட்டோட மின்சாரத்தைக் கட் பண்ற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி நாலாயிரம் தடவை ஓட்டிட்டேன். ஒரு தடவைகூட நிக்கல. உங்க கை பட்டா மட்டும்தான் நிக்குது. அது உங்க கைராசி."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள்.

"என் கைராசியைப் பத்தி என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பாரு, நல்லாவே சொல்லுவாரு. இப்ப ஒரு அஞ்சு நிமிஷம் கீழ வா."

"நீங்க இழுக்கிற விதத்தைத்தான் நான் பாத்திருக்கேனே. பாதி இழுத்து நிறுத்திட்டு என்னமோ யோசிச்சிட்டு நிப்பீங்க. ஒரே இழுப்பா இழுக்கணும்னு கையேட்டுலயே போட்டிருக்கு."

"கையேடு எழுதினவன் சுத்திக்கிட்டிருக்கிற டிஸ்க்கை என்னைக்காவது கையில பிடிச்சிருக்கானா? உள்ள தட்டு நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்து சுத்துது. விர்ர்னு இருக்கிறப்ப வெடுக்குனு உருவினா கையே அதிரும். அது அடங்கட்டும்னு ஒரு பத்து விநாடி நிறுத்துவேன். யோசிச்சிட்டு ஒண்ணும் நிக்கல."

"சரி. ஆனா உலகத்துல வேற யாரும் அப்படி இழுக்கமாட்டாங்க இல்லையா? அப்ப அது பக் இல்ல" என்று சொல்லிவிட்டு ரதிம் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

யர்மிலாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் டிக்கெட்டை மறுபடி திறக்கவில்லை. உலகத்தில் வேறு யாருக்கும் வராதா? அதையும் பார்த்துவிடலாம் என்று கீழே போய், வாடிக்கையாளர்களின் பழைய புகார்களைத் தோண்ட ஆரம்பித்தாள். சர்வர் நிற்கும்போது திரையில் விழுகிற அந்த ஒரு வரிச் செய்தியைக் கொடுத்துத் தேடினாள். நாலைந்து கிடைத்தன. அவற்றில் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. பிர்னோவிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. லாரிகளை எடை போட்டுப் பதியும் சர்வர் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை நின்றுபோகிறது. 'அறையில் தூசி அதிகம்' என்று யாரோ எழுதி அந்தப் புகாரையும் மூடியிருந்தார்கள். நின்ற நேரங்களை மட்டும் எடுத்து ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தாள். எல்லாமே பகல் பன்னிரண்டை ஒட்டி இருந்தன.

தொலைபேசியை எடுத்துக் குவாரியைக் கூப்பிட்டாள். ஹாவ்லிக் என்று ஒரு மேஸ்திரி பேசினான்.

"பன்னெண்டு மணிக்கு அங்க என்ன நடக்கும்?"

"சாப்பாடு நடக்கும்மா."

"சாப்பாட்டுக்கு முன்னாடி?"

"வெடி வைப்போம். செவ்வாயும் வியாழனும்."

"சர்வர் எங்க இருக்கு?"

"என் நாற்காலிக்குப் பின்னாலதான். வெடிக்கிறப்ப என் காப்பிக் கோப்பை மேசை மேல தானா நடந்து போகும். மூணு கோப்பை உடைஞ்சாச்சு. அதுக்கும் நீங்க பொறுப்பா?"

"கோப்பைக்கு இல்ல. அந்த சர்வர்ல டிஸ்க்கைச் செருகியிருக்கிற தட்டை லேசா தொட்டுப் பாருங்க. ஆடுதா?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "பால் பல்லு மாதிரி ஆடுது" என்றான் ஹாவ்லிக்.

யர்மிலாவுக்குப் பாதி புரிந்துவிட்டது. அவள் டிஸ்க்கைப் பாதி இழுத்து நிறுத்தும்போது இணைப்பு முழுசாக அறுவதில்லை. தொட்டும் தொடாமலும் இருக்கும். குவாரியில் வெடி அதிரும்போதும் அதேதான். ரதிமின் ஸ்கிரிப்ட் மின்சாரத்தை ஒரே வெட்டாக வெட்டுகிறது. செத்த டிஸ்க் பதில் சொல்லாது. தொட்டும் தொடாமலும் இருக்கிற டிஸ்க் பதில் சொல்லும், ஆனால் நேரம் கழித்துச் சொல்லும். நேரம் கழித்து வருகிற அந்தப் பதில் உள்ளே போய் என்ன கெடுக்கிறது என்பதுதான் மிச்சப் பாதி.

அடுத்த வாரம் முழுவதும், டிராமில் போகும்போதும் வரும்போதும் நிரலைப் படித்தாள். வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை. லுபோரும் அவளும் வழக்கமாக மதியம் சாப்பிடும் கடையில் குலாஷ் இறைச்சிக் குழம்பும் அவித்த மாவுருண்டையும் வரக் காத்திருந்தார்கள். யர்மிலாவின் முகத்தைப் பார்த்தே லுபோர் கேட்டுவிட்டான்.

"கண்டுபிடிச்சிட்ட, இல்ல?"

"கண்டுபிடிச்சிட்டேன். சொன்னா கேப்பியா, இல்ல பியரைக் குடிச்சிக்கிட்டே தலைய மட்டும் ஆட்டுவியா?"

"ரெண்டும் பண்ணுவேன், சொல்லு."

"இங்க மேசைக்கு நம்பர் இருக்கு இல்லையா? நம்மது பதினேழு. டிஸ்க்குக்குப் போற ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதே மாதிரி ஒரு டோக்கன் நம்பர் உண்டு. வேலை முடிஞ்சா நம்பர் திரும்ப வந்துடும், அடுத்த ஆளுக்குப் போகும். அதுல ஒரு கண்காணி இருக்கான். யாருக்கெல்லாம் அஞ்சு விநாடி தாண்டிடுச்சுன்னு ஒவ்வொரு நம்பரா பாத்துட்டு வருவான். தாண்டியிருந்தா, இனி இது தேறாதுன்னு ரத்து பண்ணிடுவான்."

"நியாயம்தானே?"

"நியாயம்தான். கண்காணி பதினேழைப் பாக்குறான், நேரமாயிடுச்சு. ரத்து பண்ணணும்னு முடிவு பண்ணிட்டான், இன்னும் பண்ணல. அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல, வராதுன்னு நினைச்ச சாப்பாடு வந்துடுது. பதினேழுல இருந்தவன் சாப்பிட்டு எழுந்து போயிட்டான். அதே மேசையில புதுசா ஒருத்தன் உக்காந்து இப்பதான் ஆர்டர் கொடுக்கிறான். கண்காணி வந்து, பதினேழு ரத்துன்னு அடிச்சிட்டுப் போயிடுறான்."

"புது ஆளோட ஆர்டரா?"

"ஆமா. ரத்துன்னு சேதி போறது பழைய ஆளுக்கு, அவன்தான் போயிட்டானே. புது ஆள் காத்துக்கிட்டே இருக்கான். அவனுக்கு யாரும் கொண்டுவரப் போறதில்ல, வராதுன்னு யாரும் சொல்லவும் போறதில்ல. அவன் எழுந்திருக்காததால அவனுக்காக வெளிய நிக்கிறவங்களும் நிக்கிறாங்க. மொத்தக் கடையும் நின்னுடுது."

லுபோர் தலையை ஆட்டவில்லை. "இவ்வளவு சின்ன விஷயமா?" என்றான்.

"சின்னதுதான். இத்தனை வருஷமா யார் கண்ணுலயும் படல."

திங்கட்கிழமை அதை நிரூபித்தாள். கண்காணி பார்ப்பதற்கும் ரத்து செய்வதற்கும் நடுவில் இருந்த அந்த இமைப்பொழுதை, சோதனைக்காக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காக நீட்டி வைத்தாள். டிஸ்க்கைப் பாதி இழுத்தாள். பத்துக்கு ஒன்பது முறை சர்வர் நின்றது. கையைப் பழி சொல்ல இனி யாருக்கும் இடம் வைக்கக் கூடாது என்று, இணைப்பை மட்டும் விட்டு விட்டுத் துண்டிக்கும்படி ரதிமின் ஸ்கிரிப்டையே திருத்தி ஓட்டினாள். கை படாமலே நின்றது. பிறகு உட்கார்ந்து ஒரு திருத்தம் எழுதினாள். கண்காணி ஒரு நம்பரைப் பார்த்து முடிக்கும்வரை அதை யாரும் தொடாதபடி ஒரு பூட்டு. நாற்பத்தொரு வரி. அவள் எழுதிய முதல் திருத்தம்.

திருத்தம் அனுப்புவதில் ஒரு சம்பிரதாயம் உண்டு. இந்தப் பிழை எந்த மாற்றத்தால் வந்தது, அதை எழுதியவர் யார் என்று கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும். யர்மிலா வரலாற்றைப் புரட்டிப் பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முந்தைய மாற்றம் அது. எழுதியவன் ரதிம். ஏற்றுக்கொள்ளப்பட்ட அவனுடைய முதல் மாற்றமே அதுதான். அவன் அம்மா அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். அது அவன் மேசைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வரியை எழுதாமல் விட முடியாது. அவன் பார்க்காமல் அனுப்பவும் அவளுக்கு மனமில்லை. தாளை எடுத்துக்கொண்டு மேலே போய் அவன் முன்னால் வைத்தாள்.

ரதிம் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் அவன் காது சிவந்துவிட்டது. தாளைத் திருப்பி முதலிலிருந்து மறுபடி படித்தான்.

"கண்டுபிடிச்சது சரி" என்றான் கடைசியில். "ஆனா பூட்டு தப்பு. கண்காணி மட்டும் இல்ல, ஒவ்வொரு கோரிக்கையும் இந்தப் பூட்டுக்கு முன்னால க்யூவுல நிக்கும். டன்கன் ஒத்துக்கமாட்டாரு."

டன்கன் கனடாக்காரர். அந்தப் பகுதியில் ஒரு வரி மாற வேண்டுமென்றாலும் அவர் தலையசைக்க வேண்டும்.

உன் தப்பு வெளியே தெரியுதேன்னு குத்தம் சொல்றியா என்று யர்மிலா நினைத்தாள், வாய்விட்டுச் சொல்லவில்லை. "அவரே சொல்லட்டும்" என்றாள். கீழே போய் அனுப்பிவிட்டாள்.

நாற்பது நிமிஷத்தில் டன்கனின் பதில் எல்லோரும் படிக்கும் அந்த மின்னஞ்சல் குழுவில் வந்து விழுந்தது. 'பிழையை விளக்கியிருக்கும் விதம் அருமை. மருந்துதான் நோயைவிட மோசம். விநாடிக்குப் பத்து லட்சம் கோரிக்கை போகிற பாதையில் நடுரோட்டில் ஒரு கேட்டைப் போட்டிருக்கிறீர்கள். ஏற்க முடியாது.'

கீழ்த்தளத்தில் தனியாக உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தாள். பிறகு ஒரு ரொட்டியைக் கடித்துக்கொண்டே தன் திருத்தத்தை வேகச் சோதனையில் ஓட்டினாள். வேகம் மூன்றில் ஒரு பங்காகப் படுத்துவிட்டது. அனுப்புவதற்கு முன்னாலேயே இதை ஓட்டியிருக்க வேண்டும். பேரிங் தொழிற்சாலையில் இப்படி அளக்காமல் ஒரு குண்டை அவள் தேற்றிவிட்டதில்லை. மறுபடி படியேறினாள்.

"ரதிம், நீ சொன்னதுதான் சரி. நான் அதை உன் கோவம்னு நினைச்சிட்டேன்."

"கோவமும் இருந்துச்சு" என்றான் ரதிம். "நீங்க போனப்புறம் அந்தச் சட்டத்தைக் கழட்டி டிராயர்ல போட்டுட்டேன்."

"ஏன்? அம்மா மாட்டினதை எதுக்குக் கழட்டின? அதுல எழுபது வரி இருக்கு, அறுபத்தெட்டு சரியாத்தான் இருக்கு. மாட்டு முதல்ல. மாட்டிட்டு நாற்காலியை இங்க போடு, பூட்டு இல்லாம எப்படிப் பண்றதுன்னு பாப்போம். இன்னொண்ணு, இனிமே என்னை 'நீங்க'ன்னு கூப்பிடாத. உன் நிரல்ல பிழை கண்டுபிடிக்கிற அளவுக்கு நெருக்கமாயிட்டோம். 'நீ' போதும்."

ரதிமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி யர்மிலா. நீ... உனக்குக் காப்பி?"

"போடு."

நாலு நாள் இருவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு சண்டை போட்டார்கள். வழியைச் சொன்னது ரதிம். பூட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண்ணிக்கை இருக்கட்டும். அதை எத்தனை பேர் கையில் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. கண்காணி பார்ப்பதற்கு முன்னால் பிடிக்கட்டும். ஒருவர் பிடித்திருக்கும்வரை அந்த நம்பர் அடுத்தவருக்குப் போகாது. யாரும் க்யூவில் நிற்கவும் வேண்டாம்.

அதிலிருந்த ஓட்டையைப் பார்த்தது யர்மிலா.

"பிடிக்கப் போற நேரத்துல அது ஏற்கெனவே முடிஞ்சு போயிருந்தா? செத்ததைப் பிடிச்சு எழுப்பி உக்கார வெச்ச மாதிரி ஆயிடாது?"

"எண்ணிக்கை பூஜ்யமா இருந்தா பிடிக்காதேன்னு சொல்லிடலாம்."

"அதை எழுது."

எழுதினார்கள். யர்மிலா கீழே போய் இருநூறு முறை பாதி இழுத்தாள். சர்வர் நிற்கவில்லை. ரதிம் கையைத் தூக்கி ஒரு குதி குதித்தான். "இரு, இரு" என்று யர்மிலா அடுத்த சோதனைக்குப் போனாள். பாதி இழுத்து நிறுத்தி, உடனே முழுசாகவும் உருவினாள். முப்பத்தோராவது இழுப்பில் சர்வர் விழுந்தது.

அதற்கும் காரணம் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் ஆனது. டிஸ்க் அடியோடு போய்விட்டால் அதன் கோரிக்கைகள் இருந்த நினைவகத்தையே இயங்குதளம் வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகிறது. ஆனால் கண்காணியின் பட்டியலில் பழைய விலாசம் அப்படியே கிடக்கிறது. காலி செய்த வீட்டுக்குக் கடிதம் போகிற மாதிரி, அவன் அங்கே போய்க் கதவைத் தட்டுகிறான். வீட்டை ஒப்படைக்கும்போதே பட்டியலிலும் விலாசத்தை அழித்துவிட்டார்கள். இந்த முறை யர்மிலா ஆயிரம் தடவை இழுத்தாள். மணிக்கட்டு வீங்கி, லுபோர் வீட்டில் துணி சுற்றிவிட்டான். "உன் ஆபீஸ்ல இதுக்கு மெஷின் இல்லையா?" என்று திட்டினான். "இருந்துச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியல" என்றாள் அவள்.

இரண்டாம் வடிவத்தை அனுப்பினார்கள். பெயர் அவளுடையது, பரிசீலித்தவர் என்ற இடத்தில் ரதிம், பிழைக்குக் காரணமானவர் என்ற இடத்திலும் ரதிம். இரண்டு இடத்திலும் தன் பெயரை அவனே தட்டச்சு செய்தான். டன்கன் நிரலில் ஒரு மாறியின் பெயரை மாற்றச் சொன்னார், கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: 'இந்தப் பிழையை எப்படித் திரும்ப வரவழைப்பது?' யர்மிலா பதில் எழுதினாள்: 'டிஸ்க்கை ஒரு விரல் அகலம் வெளியே இழுக்கவும். பத்து விநாடி நிறுத்தவும். கை நடுங்கினால் இன்னும் நல்லது. கை இல்லாதவர்களுக்கு ஸ்கிரிப்ட் இணைத்திருக்கிறேன்.' மூன்றாம் வடிவம் போன மறுநாள், 'சேர்த்தாயிற்று, நன்றி' என்று டன்கனிடமிருந்து வந்தது. வேறு ஒன்றும் எழுதவில்லை. அந்தக் குழுவில் அதற்கு மேல் யாருக்கும் கிடைக்காது.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, புதிய வடிவத்தை நிறுவிவிட்டு யர்மிலாவும் ரதிமும் குவாரிக்கே போனார்கள். ஹாவ்லிக் பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டியும் பச்சை வெங்காயமும் வைத்து உபசரித்தான். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சங்கு ஊதியது. தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. சன்னல் கண்ணாடி கடகடத்தது. கோப்பை மேசையில் ஒரு சாண் நடந்து போனது, ஹாவ்லிக் பார்க்காமலே கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டான்.

யர்மிலா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கோரிக்கைகளுக்குப் பதில் தாமதம். கண்காணி வந்தான், பார்த்தான். ஒன்றுக்குப் பதில் வந்துவிட்டிருந்தது, விட்டுவிட்டான். இரண்டை ரத்து செய்தான், அவை மறுபடி அனுப்பப்பட்டு முடிந்தன. வெளியே ஒரு லாரி எடைமேடையில் ஏறியது. இருபத்தேழு டன் சொச்சம் என்று திரையில் விழுந்தது.

"அவ்வளவுதானா?" என்றான் ஹாவ்லிக்.

"அவ்வளவுதான்" என்றாள் யர்மிலா.

ரதிம் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த தட்டின் திருகை இறுக்கினான். ஹாவ்லிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, இதை முதல்லயே இறுக்கியிருந்தா பிரச்சனை தீந்திருக்குமா?"

"தீந்திருக்கும்."

"அப்புறம் எதுக்கு ரெண்டு மாசம்?"

"இறுக்கியிருந்தா உங்களுக்கு மட்டும் தீந்திருக்கும்" என்றாள் யர்மிலா. "ஊர்ல எவ்வளவோ திருகு ஆடுது. ஒவ்வொண்ணையும் நான் போய் இறுக்க முடியுமா?"

ஹாவ்லிக் யோசித்துவிட்டு அவளுக்கு இன்னொரு ரொட்டியை எடுத்து வைத்தான்.

மே மாதம் நிறுவனத்தின் பிரிவுத் தலைவி இவெதா அவளைக் கூப்பிட்டு, மேல்மாடியில் நிரலாளராக இடம் தருவதாகச் சொன்னாள். யர்மிலா உடனே ஒத்துக்கொண்டாள், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் கீழேதான் இருப்பேன் என்றும் சொல்லிவிட்டாள். மற்றவர்கள் எழுதியதைப் பிடுங்கிப் பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. இவெதா கொஞ்சம் இழுத்தாள், பிறகு கையெழுத்துப் போட்டாள்.

கோரிக்கைகளின் பட்டியலைக் கண்காணி மட்டும் புரட்டுவதில்லை, நிரலில் வேறு இரண்டு இடங்களிலிருந்தும் புரட்டுகிறார்கள் என்பதை அந்தக் கோடையில் அவள் கண்டாள். அங்கேயும் பிடிக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரதிம் விடுமுறைக்குக் காளான் பறிக்கக் காட்டுக்குப் போயிருந்தான். அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"இன்னும் ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு நீ எழுதினது, ஒண்ணு டன்கன் எழுதினது."

"டன்கனோடதா? கடைசி வரியில அவர் பேரைப் போடப் போறியா?"

"சம்பிரதாயம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? வேகச் சோதனை ஓட்டிட்டேன், ஒரு குறையும் இல்ல. பூட்டும் போடல. நீ காளானைப் பறி, நான் அனுப்பிடுறேன்."